கொட்டகையில் மூன்று ஆணிகள்

டிசம்பர் 3

தங்கைக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, என் காதாவது மிஞ்சும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் இனி செவ்வாயும் வெள்ளியும் செடி ஏற்ற வரும் ஹாரன் அண்ணனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். வேன் ஓட்டும்போது ஓயாமல் ஹாரன் அடிப்பதைத் தவிர அவருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பிரித்துப் படிக்க மாட்டார்.

நகரத்தில் இருக்கும் நம் செடிக்கடையில் நிற்க ஆள் கிடைக்காததால்தான் குளிர்காலம் முடியும்வரை நானும் அண்ணியும் இங்கே இருக்கிறோம். நர்சரியை உன்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு அக்டோபரில் பெட்டியோடு வந்து நின்றவளிடம் விட்டுப்போக எனக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ரயில் நிலைய வாசலில் இருக்கும் வட்டப் பாத்திக்கு நானூறு ரோஜா. நடுவில் சிவப்பு இருநூறு, சுற்றி வெள்ளை இருநூறு. மார்ச் 5 அன்று ஏற்ற வேண்டும். வரிசை வரிசையாகக் கவாத்து செய்து, பையில் மாற்றி, நூலும் நானே கட்டிவிட்டேன். இப்போது நானூறும் ஒரே மாதிரி மொட்டைக் குச்சிகள்தான், பூக்கும்வரை நூல் ஒன்றுதான் அடையாளம். சிவப்பு நூல் என்றால் சிவப்புப் பூ. பச்சை நூல் என்றால் வெள்ளைப் பூ. வெள்ளை நூல் கட்டினால் இரண்டே நாளில் சேறாகிவிடும் என்று அப்பா வைத்த வழக்கம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தாய் என்று ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் இடத்தை விலைக்குக் கேட்கிற லாரி செட்காரர் ஏப்ரல்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஆர்டரில் ஒரு பிழை வந்தாலும் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

கொட்டகைச் சுவரில் மூன்று ஆணிகளில் நூல்கண்டுகள் தொங்குகின்றன. அவற்றைத் தொடாதே. ஆணி மாற்றி மாட்டாதே. கொட்டகைக்குள் உனக்கு வேலையே இல்லை.

அண்ணன்


டிசம்பர் 7

அண்ணனுக்கு,

கடுதாசி வந்துச்சு. மண்ணு கலக்கற அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். "ஏண்டி, உங்கண்ணன் தங்கச்சிக்கு எழுதிருக்காரா, ஜெயில் கைதிக்கு எழுதிருக்காரா?"ன்னு கேட்டாங்க. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு.

ஆஸ்பத்திரி பேச்ச எடுத்தது நீ. அதனால நானும் எடுக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க வாசலுக்கு வெள்ளை ரோஜா அறுபது கேட்டாங்க. பச்சை நூல் கட்டின அறுபது செடியத்தான் நான் வேன்ல ஏத்தினேன். ஒவ்வொரு நூலா தொட்டுப் பாத்து ஏத்தினேன். ஏப்ரல்ல அத்தனையும் செக்கச்செவேல்னு பூத்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல ரத்தம் கொட்டின மாதிரி இருக்குன்னு திட்டு வந்துச்சு. நீ என்ன பண்ணினே? ஹாரன் அண்ணன், மண்ணுக்கார அக்கா ரெண்டு பேரையும் நிக்க வச்சுக்கிட்டு, "இவளுக்குப் படிப்பும் ஏறல, செடியும் ஏறல, கண்ண பிடரியில வச்சுக்கிட்டுத் திரியறா"ன்னே. அந்த மே மாசமே என்னைய ஹாஸ்டலுக்கு மூட்டை கட்டின.

நான் அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். பச்சை நூல்தான் ஏத்தினேன்.

நான் எதையும் முழுசா முடிச்சதில்லதான். டைப்பிங் கிளாஸ் பாதி, நீச்சல் பாதி, காலேஜ் பாதி. அது எனக்குத் தெரியும், நீ ஊரக்கூட்டிச் சொல்ல வேணாம். இந்த நானூறு செடிய முழுசா முடிச்சுக் காட்டறேன். அப்புறம் வரட்டும் உன் லாரி செட்காரன்.

உன் ஆணிய நீயே கட்டிப் புடிச்சுக்க.

தங்கச்சி


டிசம்பர் 21

மேனேஜர் சாருக்கு,

நேத்து காலையில ஆறு மணிக்குக் காத்து ஆரம்பிச்சுது. ஏழு மணிக்குப் பெரிய கூடாரத்துல பாலித்தீன் ஷீட்டு ஊதின பலூன் மாதிரி மேல எழும்ப ஆரம்பிச்சுது. நானும் மண்ணுக்கார அக்காவும் ஆளுக்கொரு கயித்தப் புடிச்சுத் தொங்கினோம். அந்தம்மா கால் தரையிலயே இல்ல. "அடியே, நான் பறக்கறேண்டி, புடிடி!"ன்னு கத்தறாங்க. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

எட்டு மணிக்கு மூலையில இரும்புக் குழாய் ரெண்டு சிமெண்ட்டோட பேத்துக்கிட்டு மேல வந்துச்சு. இன்னும் பத்து நிமிஷம் விட்டா மொத்த கூடாரமும் செடி மேல மடங்கும். ஒட்டு கட்டற கத்திய எடுத்தேன். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. ஷீட்டு டர்ருன்னு கிழிஞ்சு பறந்து போயி ரோட்டுக்கு அந்தாண்ட கரண்ட் கம்பத்துல மாட்டிக்கிச்சு. காத்து உள்ள பூந்து வெளிய போயிடுச்சு. குழாய் நின்னுச்சு.

மத்த செடிங்களோட பேர் எழுதிச் செருகின பிளாஸ்டிக் அட்டை ஒண்ணு பாக்கியில்லாம பறந்துச்சு. நூல் எல்லாம் இருக்கு. அப்பா சும்மா ஒண்ணும் நூல் கட்டல.

செவப்பு நூல் கட்டினதுல ஆறு செடிக்குக் கிளை முறிஞ்சுபோச்சு. அத வெந்நீர் போடற ரூம்ல, அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். பொழைச்சா பொழைக்கட்டும்.

புது ஷீட்டு வேணும். சீக்கிரம்.


டிசம்பர் 24

தங்கைக்கு,

கத்தியா? ஷீட்டைக் கத்தியால் அறுத்தாயா? போன வருடம் நானும் ஹாரன் அண்ணனும் இரண்டு நாள் ஏணியில் நின்று போட்ட ஷீட் அது. காற்று வந்தால் கட்ட வேண்டும். மேலும் ஒரு கயிறு போட வேண்டும். அதற்கு மேலும் ஒன்று போட வேண்டும். பொறுமை இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். உனக்கு எது கையை விட்டு நழுவினாலும் உடனே அறுத்துவிட வேண்டும். காலேஜையும் அப்படித்தான் அறுத்தாய்.

இளம் நாற்றுகள் மேல் இன்றிரவே பனி விழும். தார்ப்பாய் இருந்தால் மூடு. இல்லையென்றால் உன் படுக்கை விரிப்பை எடுத்து மூடு. உன்னை நம்பி விட்டுவந்த என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன்


டிசம்பர் 29

சாருக்கு,

உன் லெட்டர் வர்றதுக்கு முந்தியே என் விரிப்பு, அம்மா விரிப்பு, உன் கல்யாணத்துக்கு வாங்கின ஜமுக்காளம் எல்லாம் நாத்து மேலதான் இருக்கு. ஜமுக்காளம் போச்சு. அண்ணிகிட்ட நீயே சொல்லிக்க.

அடுத்த தோட்டத்துக் கத்தரி நாத்துக்காரர் உன்ன மாதிரியே பொறுமைசாலி. மூணு கயிறு போட்டுக் கட்டினாரு. அவரு கூடாரம் இப்ப எப்படி இருக்கு தெரியுமா? முதுகெலும்பு ஒடஞ்ச குடை மாதிரி கவுந்து கெடக்கு. அத்தன நாத்தும் அடியில. நேத்து வந்து நம்ம கூடாரத்தச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "யாரும்மா அறுக்கச் சொன்னது?"ன்னாரு. "யாரும் சொல்லல, எங்கண்ணன் திட்டினான்"னேன். "திட்டட்டும், குழாய் நிக்குதுல்ல"ன்னுட்டுப் போனாரு.

நீ தோத்துட்டேன்னு எழுத வேணாம். ஒரு ஷீட்டும் ஒரு செவப்பு நூல்கண்டும் அனுப்பு, போதும். காத்துல அடிபட்டுச் செவப்பு நூல் நெறைய நைஞ்சிருக்கு. அறுந்து தொலையறதுக்குள்ள அது மேலயே இன்னொண்ணு கட்டிடறேன்.


ஜனவரி 5

தங்கைக்கு,

கத்தரி நாற்றுக்காரர் கூடாரம் பற்றி ஹாரன் அண்ணன் சொன்னார். அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது.

ஷீட், கயிறு, இரண்டு பெட்டி கிளிப், நீ கேட்ட சிவப்பு நூல்கண்டு எல்லாம் இந்த வேனில் வருகின்றன. ஷீட்டை வெயில் ஏறியபின் இழுத்துக் கட்டு. காலைக் குளிரில் கட்டினால் மதியம் தொளதொளவென்று ஆகிவிடும்.

ஜமுக்காளத்தைப் பற்றி அண்ணியிடம் சொன்னேன். சிரித்தாள்.

அண்ணன்


ஜனவரி 9

சாருக்கு,

கிண்டலா? கேட்டது செவப்பு நூலு. வந்திருக்கறது பச்சை. பச்சைன்னா லேசுபட்ட பச்சை இல்ல, வாழையெலப் பச்சை. கடைக்காரன் தப்புன்னு சொல்லாத. பொட்டலம் கட்டினது நீ, உன் கையெழுத்துல "சிவப்பு நூல்"னு எழுதி ஒட்டியிருக்க. பச்சை நூலு மேல! நான் ஆஸ்பத்திரிக்கு மாத்தி ஏத்தினேன்னு இன்னும் குத்திக் காட்டறியா? இதுக்கு உக்காந்து யோசிச்சியா? அண்ணிகூட சேந்து சிரிச்சியா?

வேற வழியில்லாம கொட்டகைக்குப் போனேன். ஆமா, போனேன். ஆணியில மீதி இருந்த செவப்பு நூல வச்சு சமாளிச்சுட்டேன். அப்புறம் அந்த "ஆணி மாற்றி மாட்டாதே"வுக்கும் ஒரு பதில் வச்சுக்க. நான் வந்த முதல் வாரம், நீ ரெண்டு நாள் டவுனுக்குப் போனப்பவே அந்தக் கொட்டகைய ஒழிச்சுச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. நூல்கண்டு எல்லாத்தையும் கழட்டி, தட்டி, திரும்ப மாட்டினதும் நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடியும் நான்தான் பண்ணினேன். ஒட்டடையப் பாத்தா எனக்குக் கை அரிக்கும். உனக்குக் கண்டுபுடிக்கவே தெரியலல்ல? வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலயே?


ஜனவரி 12

நீ கொட்டகையைச் சுத்தம் செய்தது அக்டோபரில்தானா? நான் நூல் கட்டுவதற்கு முன்பா, பின்பா? நூல்கண்டுகளைக் கழற்றியபின் பழைய ஆணிகளிலேயே மாட்டினாயா? கதவுப் பக்கத்து ஆணியில் இப்போது என்ன நிறம் இருக்கிறது? வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது. உடனே.


ஜனவரி 16

சாருக்கு,

உனக்கு என்னமோ ஆயிடுச்சு. நாத்து பொழைச்சுதா, அம்மா முட்டி வலி எப்படி, நான் உசுரோட இருக்கேனா, ஒண்ணும் கேக்கல. ஆணிய நலம் விசாரிக்கற.

அக்டோபர் ரெண்டாவது வாரம் சுத்தம் பண்ணினேன். நீ நவம்பர்ல நூல் கட்டின. அதுவும் எப்பவும் போல ஒத்தையா. மண்ணுக்கார அக்கா உதவிக்கு வந்தா, "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்"னு வெரட்டிட்டு. எந்த ஆணியில எது இருந்துச்சுன்னு நான் என்ன கனாவா கண்டேன்? கைக்கு வந்தத மாட்டினேன். இப்ப கதவுப் பக்கத்துல பச்சை, நடுவுல செவப்பு, கடைசியில மஞ்சள். போதுமா? நூலு மேலதான் கலர் இருக்கே, அது எந்த ஆணியில இருந்தா உனக்கு என்ன?

வெந்நீர் ரூம்ல இருக்கற ஆறு செடியும் துளிர் விட்டுடுச்சு. எல எல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு, புழு எங்கேன்னு கண்ணுலயே அம்பிடல. பச்சைப் புழுவ எலையில இருந்து பொறுக்கறதுல மட்டும் நீ கில்லாடி. அதுக்கு மட்டும் இங்க இருந்திருக்கலாம்.


ஜனவரி 30

தங்கைக்கு,

ஸ்டேஷன் ஆர்டரை மார்ச்சில் அனுப்ப வேண்டாம். மொட்டு வெடித்து நிறம் தெரிந்தபின் ஏப்ரலில் தருவதாக அவர்களுக்குச் சொல்லிவிடு. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆர்டரே போகட்டும்.

காரணம் கேட்காதே. நான் சொல்கிறேன், செய்.

அண்ணன்


பிப்ரவரி 6

உனக்கு,

அண்ணன்னு எழுத வரல.

நீ இந்த லெட்டர எழுதினியே ஜனவரி முப்பது, அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? ரெண்டாவது புயல். இந்தத் தடவ காத்து இல்ல, மழை. வாய்க்கால் ஒடைஞ்சு தண்ணி கூடாரத்துக்குள்ள கெண்டைக்கால் வரைக்கும். பை எல்லாம் மெதக்க ஆரம்பிச்சுது. நானும் அக்காவும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெந்நீர் ரூம்ல இருக்கற ஆறு போக அத்தனை பையையும் ஒண்ணொண்ணாத் தூக்கிப் பலகை மேல ஏத்தினோம். ஹாரன் அண்ணன் செடி ஏத்த வந்தவரு வேன நிறுத்திட்டு பேண்ட்ட மடிச்சுக்கிட்டு எறங்கிட்டாரு. ஈரப் பை ஒண்ணு என்ன கனம் கனக்கும்னு உனக்குத் தெரியும். என் கை ரெண்டும் மூணு நாளு சோத்தக்கூடப் பெசைய முடியாமக் கெடந்துச்சு. ஒரு பை வுடல. ஒரு நூல் அவுரல.

அத முடிச்சு உக்காந்தா உன் கடுதாசி. ஆர்டரே போகட்டும். காரணம் கேக்காத.

காரணம் கேக்க வேணாம், எனக்கே தெரியும். ஆர்டர் போனா லாரி செட்காரனுக்குக் கையெழுத்து. அதுக்குத்தான். நான் தப்பு பண்ணுவேன்னு டிசம்பர்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்த. பண்ணல. பொறுக்கல உனக்கு.

மார்ச் அஞ்சு ஏத்தறேன். ஹாரன் அண்ணன் வரலன்னா தலையில வச்சுத் தூக்கிட்டுப் போறேன்.


பிப்ரவரி 12

தங்கைக்கு,

கையெழுத்துக்காக இல்லை. சத்தியமாக இல்லை.

காரணத்தை எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். நாலாவது இது. இதிலும் வரவில்லை.

ஏற்றாதே. இந்த ஒரு முறை நான் சொல்வதைக் கேள்.

அண்ணன்


பிப்ரவரி 26

உனக்கு,

வெந்நீர் ரூம்ல ஆறு செடி வச்சிருந்தேன்னு எழுதினேன்ல. செவப்பு நூல் கட்டினது. அடுப்புச் சூட்டுக்கு முன்கூட்டியே மொட்டு வச்சுது. இன்னிக்குக் காலையில வெந்நீர் எடுக்கப் போன அம்மா கூப்பிட்டாங்க. "ஏய், இங்க வந்து பாரு, என்ன அழகா பூத்திருக்கு."

ஆறும் வெள்ளை.

ஒண்ணு ரெண்டு தப்பிப் போயிருந்தா வுட்டுருப்பேன். ஆறுக்கு ஆறு. நான் தொடல. என் கையில அந்த நூல் கட்டு படவே இல்ல, நைஞ்சதுக்கு மேல இன்னொரு செவப்ப சுத்தினதத் தவிர. கட்டினது நீ. ஒத்தையா நின்னு, எல்லாரையும் வெரட்டிட்டு, கட்டினது நீ.

இப்ப எல்லாம் புரியுது. வேணும்னே மாத்திக் கட்டிட்டுப் போயிருக்க. ஆர்டர் போயி நடுவுல வெள்ளை, சுத்தி செவப்புன்னு பூத்து, ஊரே ரயிலடியில நின்னு சிரிக்கணும். தப்பு என் தலையில. நெலம் லாரிக்காரனுக்கு. அப்புறம் கடைசி நேரத்துல பயந்துட்ட, அதான் ஏத்தாத ஏத்தாதன்னு லெட்டர். ஆஸ்பத்திரிக்கும் நீதான் பண்ணியிருக்கணும். பத்தொம்பது வயசுல ஒருத்திய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு அசிங்கப்படுத்தினியே, அப்பவே உனக்குத் தெரியுமா? இத மட்டும் சொல்லு. தெரிஞ்சுதான் திட்டினியா?

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. பூ அழகா இருக்குன்னு சந்தோஷமா இருக்காங்க. செவ்வாய்க்கெழம வரைக்கும் பாப்பேன். உன் பதில் வரலன்னா உன் லெட்டர் எல்லாத்தையும் அம்மா மடியில கொண்டுபோய்க் கொட்டுவேன்.


மார்ச் 1

வாலு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். திட்டும்போது தெரியாது. அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. நீ ஹாஸ்டலுக்குக் கிளம்ப அப்போது இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் நான் சொல்லவில்லை.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலத்தான் தெரியும். ஒரே மாதிரி மண் நிறம். மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் வைத்தால் இது இருட்டு, இது வெளிச்சம் என்று சொல்லிவிடுவேன். நூலை வைத்தால் முடியாது. சின்ன வயதில் பழுத்த தக்காளி பறிக்கச் சொன்னால் காயும் பழமுமாகப் பறித்து வருவேன். சேட்டை என்று அம்மா அடிப்பாள். அடி வாங்குவது எளிதாக இருந்தது. அண்ணி ஒருத்திக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் நான் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, என் சட்டைகளைப் பார்த்துக் கேட்டாள்.

அப்பா போனபிறகு நூல் கட்டும் வேலை எனக்கு வந்தது. செடிக்காரன் மகனுக்கு நிறம் தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வது? கதவுப் பக்கத்து ஆணியில் சிவப்பு, நடுவில் பச்சை, கடைசியில் மஞ்சள். அப்பா மாட்டி வைத்த வரிசை. அந்த வரிசையை மனப்பாடம் பண்ணித்தான் கட்டினேன். நான் பார்த்தது ஆணியைத்தான், நூலை இல்லை.

ஆஸ்பத்திரிச் செடி சிவப்பாகப் பூத்த அன்று உன்னைத் திட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். சுவர் வெள்ளையாக இருந்தது. யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். அண்ணியைக் கூப்பிட்டு, எந்த ஆணியில் எந்த நிறம் என்று கேட்டேன். கதவுப் பக்கம் பச்சை, நடுவில் சிவப்பு என்றாள். வரிசையைப் பழையபடி மாற்றி மாட்டினேன். உன்னைக் கொட்டகைக்குள் விடக் கூடாது என்று முடிவு பண்ணினேன். உண்மையைச் சொல்வதைவிட உன்னைத் துரத்துவது சுலபமாக இருந்தது.

லாரி செட் விஷயமும் இதுதான். ஒவ்வொரு மார்ச்சும் மொட்டு கிளம்பும்போது எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குப் பயம். எந்தப் பூ என்னைக் காட்டிக்கொடுக்குமோ என்று. விற்றுவிட்டால் பூவே பூக்காது.

வேண்டுமென்று மாற்றிக் கட்டவில்லை வாலு. இந்த வருஷமும் ஆணி மாறியிருக்கு, எனக்குத் தெரியல. நீ ஜனவரில எழுதினப்பதான் தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. மூணு தாள் கிழிச்சேன்னு எழுதினேன், பொய். பதினொண்ணு கிழிச்சேன்.

நான் ஒரு வரிசைகூட மாத்திக் கட்டல. ஆணிதான் மாறியிருக்கு. அதனால நானூறும் நேர் எதிரா இருக்கும். பச்சை நூல் கட்டினத நடுவுக்குன்னு ஏத்து. செவப்பு நூல் கட்டினத ஓரத்துக்குன்னு ஏத்து. இத நீ நம்பணும்னு எனக்குக் கேக்கற யோக்கியதை இல்ல.

அம்மாகிட்ட சொல்றதா இருந்தா சொல்லு.


மார்ச் 6

அண்ணனுக்கு,

நேத்து ஏத்திட்டேன். பச்சை எல்லாம் செவப்புன்னு, செவப்பு எல்லாம் வெள்ளைன்னு. ஹாரன் அண்ணன் பாத்துட்டு, "ஏம்மா, மறுபடியுமா? மறுபடியும் மாத்தி ஏத்தறியே, உங்கண்ணன் என்னையும் சேத்துத் தொங்க விட்டுடுவாரு"ன்னாரு. "அவன்தான் சொன்னான்"னேன். "எழுதிக் குடுத்தாரா?" "குடுத்தான்." "கையெழுத்து?" "போடல." "அப்ப நான் ஹாரனே அடிக்காம ஓட்டறேன், யாருக்கும் நாம போறது தெரிய வேணாம்"னாரு.

உன்னை நம்பி ஏத்தல. ஆறு பூவ நம்பி ஏத்தினேன். மீதி முந்நூத்தித் தொண்ணூத்தி நாலுக்கு வேற யாரும் கெடைக்கல, அதான் உன்ன.

ஆணிய மாத்தினது நான். அதுக்கு என்ன உண்டோ அத நான் வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பன்னெண்டு நாளு உன்னோடது. ஒரே வீட்ல இருந்தோம். ஒரே சட்டியில சாப்பிட்டோம். நான் அழுதுகிட்டே துணி மடிச்சு வச்சேன், நீ பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டு வந்து குடுத்த. காலேஜ்ல எனக்கு ஏன் ஏறலன்னு கேக்கற. உக்காந்தா அந்தப் பச்சை நூல்தான் கண்ணு முன்னாடி வரும். நான் சரியாத்தானே பாத்தேன், எங்க தப்பினேன்னு. ரெண்டு வருஷம் என் கண்ண நானே நம்பல. கண்ணு உனக்கு, சந்தேகம் எனக்கா?

உனக்குக் கலர் தெரியாதது எனக்கு ஒரு பொருட்டே இல்ல. போய்யா. அத யாரு கேட்டா?

மன்னிக்கல. ஞாயித்துக்கெழம இங்க வா. என்னைய யார் ரெண்டு பேரு முன்னாடி நிக்க வச்சுத் திட்டினியோ, அதே ரெண்டு பேரு முன்னாடி, அதே எடத்துல நின்னு சொல்லு. அம்மாவும் இருப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். உன் வாய்தான் சொல்லணும்.

வரலன்னா லாரிக்காரனுக்குக் கையெழுத்து போட்டுக்க. எனக்கு உன் நெலமும் வேணாம், நீயும் வேணாம்.


மார்ச் 9

வாலு,

ஞாயிறு வருகிறேன். காலை பஸ்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

நேத்து ரயிலடிக்குப் போனேன். நடுவுல செவப்பு, சுத்தி வெள்ளை. ஒரு செடிகூட தப்பல. ரயில்ல இருந்து எறங்கறவங்க நின்னு போட்டோ புடிக்கறாங்க. ஒருத்தரு என்னைய ஓரமா நகரச் சொன்னாரு, நான் பூவ மறைக்கறேனாம். நகந்துட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத, கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. அன்னிக்கு நீ பாவம் நாலு நாள் பட்டினி கெடந்தவன் மாதிரி வந்து நின்னு, "எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாது, தப்பு என்னோடது, தங்கச்சியோடது இல்ல"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுத் தலைய குனிஞ்சுக்கிட்ட. மண்ணுக்கார அக்கா உடனே, "இதுக்கா தம்பி இத்தன வருஷம்? கல்யாணத்துக்கு முன்னாடி நீ போட்ட சட்டையப் பாத்தே எனக்குத் தெரியும்"னாங்க. எல்லாரும் சிரிச்சோம், நீயும் சிரிச்ச. நீ பஸ் ஏறினதுக்கு அப்புறம் அந்தம்மாவப் புடிச்சுக் கேட்டேன், தெரியும்னா ஏன் அன்னிக்கு எனக்காக ஒரு வார்த்த பேசலன்னு. மம்மட்டியக் கீழ வச்சுட்டாங்க. "நூல் கட்டறதோட அத முடிச்சுப் போட்டுப் பாக்க எனக்குத் தோணலடி"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி சாப்பிடாமப் போனாங்க. பெரிய மனுஷி, அத வுட்டுட்டேன்.

 அம்மா தக்காளி வெட்டும்போதெல்லாம் மூக்க உறிஞ்சறாங்க. வெங்காயம்ங்கறாங்க.

லாரி செட்காரன் போன வாரம் வந்தான். "அண்ணன் முடியாதுன்னுட்டாரு, நீயாவது பேசிப் பாரேன்மா"ன்னான். தண்ணி குடுத்து அனுப்பிட்டேன்.

மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. அதுக்கு இன்னும் ரெண்டு குளிர்காலம் ஆகும், ஹாஸ்டல்ல இருந்த கணக்குக்கு.

கடைக்கு ஆள் கெடச்சா மே மாசம் வந்துரு. புழு தாங்க முடியல. நானும் அக்காவும் கண்ணாடி போட்டுத் தேடினாலும் பச்சை எலையில பச்சைப் புழு தெரியல. நீ எப்படிப் பொறுக்கறேன்னு இப்பதான் தெரியுது. எங்க கண்ண ஏமாத்தறதுக்குன்னு அது போட்டுக்கிட்ட கலரு, உன்கிட்ட பலிக்கல.

நூல மாத்திட்டேன். இனிமே எல்லாத்துக்கும் ஒரே சணல். ஒரு முடிச்சு செவப்பு, ரெண்டு முடிச்சு வெள்ளை, மூணு முடிச்சு மஞ்சள். கண்ண மூடிக்கிட்டே கட்டலாம், வெரலால தடவியே ஏத்தலாம். உனக்காகப் பண்ணல. வெயில்ல சாயம் வெளுக்குது, அதான்.

கொட்டகை ஆணியில இப்ப சணலு, கத்தி, என் தொப்பி. அத தொடாத. ஆணி மாத்தி மாட்டாத.

தங்கச்சி